கரப்ட் ஆனது ஃபைல் இல்லை, தோழரே

"அக்கா, இந்த ஃபோல்டர்ல இருக்கிறது எல்லாமே கரப்ட் ஆயிடுச்சு. ஒண்ணுகூட ஓடல. டெலிட் பண்ணிடவா? இடமாவது மிச்சமாகும்."

எங்களிடம் களப்பயிற்சிக்கு வந்திருந்த மாணவி கேட்டார். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அறுபத்தொரு ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கேட்டார். கை மவுஸ் மேலேயே இருந்தது. நான் டீ குடிக்கப் போயிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அந்த ஃபோல்டரில் இருப்பது 2009இல் நாங்கள் எடுத்த வாக்குமூலங்கள். வட மாவட்டம் ஒன்றில், சுடுகாட்டுப் பாதைத் தகராறில் சேரிக்குள் புகுந்து குடிசைகளைக் கொளுத்தினார்கள். உண்மை அறியும் குழுவோடு நாங்கள் நான்கு மாணவர்கள் போயிருந்தோம். எனக்கு வயது 21. குழுவில் இருந்த பெரியவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். எங்கள் கையில் இருந்தது ஒரு சைனா செட். அதில் பதிவு செய்தால் த்ரீஜிபி என்ற வால் ஒட்டிய ஃபைலாக வரும். (மூன்று ஜிபி என்று படித்துவிடாதீர்கள். அறுபத்தொரு ஃபைலும் சேர்ந்து இருநூறு எம்பிகூட வராது. இன்று ஒரு கல்யாண ரீல்ஸ் எடுக்கிற இடம்தான்.)

அந்தப் பதிவுகளில் ஒன்றில் ஓர் ஆயா இருக்கிறார். எரிந்த வாசலில் குந்திக்கொண்டு போனதையெல்லாம் விரல்விட்டு எண்ணுகிறார். ரெண்டு குண்டான், ஒரு எவர்சில்வர் குடம், மூணு மூட்டை நெல்லு, ரேஷன் கார்டு, பையனோட பத்தாவது மார்க் ஷீட்டு. மார்க் ஷீட்டு என்ற இடத்தில் நிறுத்துகிறார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறார். முதல் தகவல் அறிக்கையில் இதெல்லாம் "வீட்டு உபயோகப் பொருட்கள்" என்று மூன்று சொல்லில் முடிந்திருந்தது.

ஆயா இறந்துவிட்டார். அவர் மகன் போன மாதம் போன் செய்தார். "அம்மா பேசினது உங்ககிட்ட இருக்குமே மேடம். வருஷ திதிக்குப் படைக்கிறப்ப ஒருதடவை போட்டுக் கேக்கணும்." அவரிடம் அம்மாவின் புகைப்படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. குரல் எங்கேயும் கிடையாது. அதைத் தேடித்தான் அந்த ஃபோல்டரைத் திறந்தோம்.

போன வருடம்வரை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அலுவலகக் கணினியில் ஓர் அப்டேட் வந்தது. பழைய பிளேயர் போய்ப் புதியது வந்தது. திரையில் ஒரு வரி: "இந்த வடிவத்துக்கு ஆதரவு இல்லை அல்லது ஃபைல் சிதைந்திருக்கலாம்."

அந்த "அல்லது" இருக்கிறதே, அதில்தான் எத்தனையோ பேருடைய வாக்குமூலம் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கிறது. முதல் பாதி, எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்கிறது. இரண்டாம் பாதி, உன்னிடம் இருப்பது பழுது என்கிறது. நாம் இரண்டாவதை மட்டும் படிக்கிறோம். பழுது நம்மிடம்தான் இருக்கும் என்று நம்பப் பழக்கப்பட்டவர்கள் அல்லவா நாம்.

ஒரு பழைய ஸ்டெனோ இருந்தார் என்று வையுங்கள். சுருக்கெழுத்தில் நோட்டு நோட்டாக எழுதி வைத்தார், ரிட்டயர் ஆனார். புதிதாக வந்தவருக்குச் சுருக்கெழுத்து தெரியாது. அதற்காக நோட்டு கெட்டுப்போய்விட்டது என்று யாராவது கிழித்துப் போடுவார்களா? சுருக்கெழுத்து தெரிந்த ஒருவரைத் தேடுவார்கள். வீடியோ ஃபைலும் அப்படித்தான். த்ரீஜிபி என்பது வெறும் டிபன் கேரியர். மேலடுக்கில் படம், கீழடுக்கில் ஒலி. அந்தக் காலத்து செல்போன்களில் படம் பெரும்பாலும் எச்.263 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கும், ஒலி ஏஎம்ஆர் என்ற முறையில். அதை விரித்துக் காட்டத் தெரிந்த சிறு நிரலுக்குக் கோடெக் என்று பெயர். அப்டேட் வந்து அந்தக் கோடெக்கை எடுத்துவிட்டால் கேரியர் திறக்காது. சாப்பாடு உள்ளே அப்படியேதான் இருக்கிறது.

இதை மாவட்டக் கூட்டம் ஒன்றில் பேசியபோது ஒரு மூத்த தோழர் சிரித்தார். "இது டெக்னிக்கல் பிரச்சினைம்மா. கம்ப்யூட்டர் படிச்ச பையன் யாரையாவது கூப்பிட்டுக் காட்டு. இயக்கத்துக்கு எவ்வளவோ வேலை இருக்கு." அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, அடிபட்டவர், சிறைக்குப் போனவர். ஆனால் அந்தச் சிரிப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

நம் சாட்சியம் ஏன் த்ரீஜிபியில் இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். 2000களில் ஊர்த்தெருவில் கல்யாணம் என்றால் கேமரா வரும், லைட் வரும், கேசட் வரும், பிறகு டிவிடி வந்தது. சேரிக்குள் முதன்முதலாக வந்த கேமரா மூவாயிரம் ரூபாய் செல்போன்தான். அதுவும் ஒருவரிடம் இருக்கும், பத்துப் பேர் ப்ளூடூத்தில் வாங்கிக்கொள்வார்கள். அந்த எச்.263 முறை 1990களின் நடுவில், தொலைபேசி இணைப்பில் வீடியோ அழைப்பு பேசுவதற்காக உருவாக்கப்பட்டது. நம் செட்டுகளில் வந்த படத்தின் அளவு பெரும்பாலும் 176க்கு 144 புள்ளிகள். மொத்தம் 25,344. இன்றைய சாதாரண முழு எச்டி படத்தில் இருபது லட்சத்துக்கும் மேல். ஏஎம்ஆர் இன்னும் சுவாரசியம். போனில் மனிதர் பேசுவதைக் கொண்டு போவதற்கென்றே செய்தது, மற்ற ஓசைக்கு அதில் இடம் குறைவு. சாவு வீட்டில் எடுத்த பதிவுகளைக் கேட்டுப்பாருங்கள், பறையொலி தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கும், ஒப்பாரி மட்டும் சொல் சொல்லாகக் கேட்கும். மலிவான வடிவம்தான். ஆனால் அழுகிறவர் என்ன சொல்லி அழுதார் என்பதை அது விட்டுவிடவில்லை.

மலிவானதில் பதிவானவர்கள் யாரோ, அவர்களுடைய பதிவுதான் முதலில் காலாவதி ஆகும். திட்டமிட்டு யாரும் செய்வதில்லை. சாதி பல இடங்களில் அப்படித்தான் வேலை செய்கிறது. தண்ணீர்க் குழாய் சேரிக்குக் கடைசியாக வந்து முதலில் வற்றுவதற்கும் யாரும் தனியாகக் கூட்டம் போட்டு முடிவெடுப்பதில்லை.

கம்பெனிகள் சொல்லும் காரணம் முழுப் பொய்யும் அல்ல. பழைய கோடெக்கை வைத்திருந்தால் அதைப் பராமரிக்க வேண்டும், சிலவற்றுக்கு உரிமத் தொகை கட்ட வேண்டும், அதன் வழியாக வைரஸ் நுழையலாம். 2015இல் ஆண்ட்ராய்டில் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. எம்எம்எஸ்ஸில் ஒரு வீடியோவை அனுப்பியே போனைக் கைப்பற்ற முடியும் என்று காட்டினார்கள். 2016 ஏப்ரலில், விண்டோஸுக்கான குவிக்டைம் பிளேயரை நீக்கிவிடுங்கள் என்று அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே எச்சரித்தது. 2019 அக்டோபரில் ஆப்பிள், கேட்டலினா பதிப்பில் 32 பிட் மென்பொருள்களை நிறுத்தியபோது சினிபாக், சோரன்சன் போன்ற பழைய வீடியோ முறைகளும் சேர்ந்து போயின. அடோபி ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31ஓடு முடிந்தது. 2000களின் பிற்பகுதியில் இணையத்தில் வீடியோ என்றாலே பெரும்பாலும் ஃப்ளாஷ்தான், நினைவிருக்கிறதா?

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். ஃப்ளாஷ் முடியப்போகிறது என்று அடோபி 2017 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. மூன்றரை வருடம் அவகாசம். அந்த அறிவிப்பு யாருக்குப் போய்ச் சேர்ந்தது? தகவல் தொழில்நுட்பப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனங்களுக்குப் போனது. ஓர் அலுவலக அறை, ஒரு பழைய கணினி, மாதக் கடைசியில் கரண்ட் பில்லுக்கு உண்டியல் குலுக்கும் அமைப்புக்குப் போகவில்லை. நமக்கு அறிவிப்பு வந்தது "சிதைந்திருக்கலாம்" என்ற ஒற்றை வரியாகத்தான்.

பணமும் அதிகாரமும் இருப்பவர்களுக்கும் இது நடக்கிறது. 1086இல் தொகுத்த டூம்ஸ்டே நிலப்பதிவேட்டின் 900ஆம் ஆண்டுக்காக 1986இல் பிபிசி ஒரு டிஜிட்டல் டூம்ஸ்டேவைத் தயாரித்தது. சிறப்பு லேசர் தட்டுகளில் வைத்தார்கள். பதினைந்து ஆண்டுக்குள் அதை ஓட்டும் கருவி அரிதாகிவிட்டது. 900 வருடத்து ஏட்டை இன்றும் படிக்கலாம். ஆனால் அங்கே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்கார்ந்து, பழைய கருவியைப்போல் நடிக்கும் மென்பொருள் எழுதி மீட்டார்கள். நம் ஆயாவுக்காக எந்தப் பல்கலைக்கழகம் உட்காரும்?

இனி நம் பக்கம் வருகிறேன். கம்பெனியைத் திட்டுவது எளிது, அதனால் இந்தப் பகுதிதான் எனக்கு முக்கியம்.

நம் வரலாற்றில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது, காகிதத்தில். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் "பறையன்" இதழைத் தொடங்கினார். அதன் முழுத் தொகுப்பு இன்று நம் கையில் இல்லை. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழன்" ஏதோ தப்பிப் பிழைத்தது, சில குடும்பங்களும் பௌத்த சங்கங்களும் கட்டிவைத்துக் காப்பாற்றியதால். ஞான. அலாய்சியஸ் அதைத் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து நூலாகக் கொண்டுவந்தது 1999இல். இடையில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, அயோத்திதாசர் என்று ஒருவர் இருந்ததே பலருக்குத் தெரியாமல் தமிழ்நாட்டின் அரசியல் வரலாறு எழுதப்பட்டது. ஓலைச்சுவடி பற்றியும் இதையே சொல்லலாம். சுவடி நூற்றாண்டுக் கணக்கில் நின்றது ஓலையின் வலிமையால் மட்டும் அல்ல. பழைய ஓலை நைவதற்குள் புதிய ஓலையில் படி எடுத்தார்கள். எதைப் படி எடுப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் நாம் இல்லை, அவ்வளவுதான்.

இன்று அந்த முடிவு நம் கையில் இருக்கிறது. என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

தலைவர்களின் மேடைப் பேச்சு எல்லாம் யூட்யூபில் இருக்கிறது, பத்துக் கோணத்தில், ட்ரோன் காட்சியோடு. நல்லது. ஆனால் எரிந்த வாசலில் குந்தியிருந்த பெண்களின் வாக்குமூலம் எங்கே? யாரோ ஒரு தோழரின் பழைய மெமரி கார்டில். அந்தத் தோழர் இப்போது இயக்கத்தில் இல்லை, கார்டு அவர் வீட்டு அலமாரியில் பாஸ்புக்குகளுக்கு நடுவில் கிடக்கிறது. இது மென்பொருள் அப்டேட் செய்த வேலை இல்லை. யாருடைய பேச்சு காக்கத் தகுந்தது என்று நமக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் ஆணும் மேடையும் முதலில் வருகின்றன. நான் முதுகலையில் படித்தபோது கூட்டு நினைவு பற்றி ஒரு தாள் இருந்தது. நினைவைத் தனிமனிதர் சுமப்பதில்லை, குழுதான் சுமக்கிறது என்று ஆல்ப்வாக்ஸை எழுதி மதிப்பெண் வாங்கினோம். எந்த மெமரி கார்டில் சுமக்கிறது என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஏன் அக்கா, எல்லாத்தையும் யூட்யூப்ல ஏத்திட்டா முடிஞ்சது" என்பவர்களுக்கு: கூகுள் வீடியோ என்று ஒன்று இருந்தது, 2012இல் மூடினார்கள். ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் போனது. சிரியப் போரின் கொடுமைகளை யூட்யூபில் ஏற்றி வைத்திருந்தவர்களுக்கு 2017இல் என்ன நடந்தது தெரியுமா? வன்முறைக் காட்சிகளைக் கண்டுபிடிக்கும் புதிய தானியங்கி முறை வந்ததும் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டன, சேனல்களே மூடப்பட்டன. சாட்சியத்துக்கும் வன்முறைப் பிரச்சாரத்துக்கும் வித்தியாசம் தெரியாத எந்திரத்தின் கையில் அவை இருந்தன. யூட்யூப் கடைவீதி. அங்கே பொருளைக் காட்டலாம், பத்திரத்தை வைக்கக் கூடாது. அதோடு, பாதிக்கப்பட்ட பெண்ணின் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் உலகத்துக்கே காட்ட நமக்கு என்ன உரிமை என்ற கேள்வி தனியாக இருக்கிறது.

இன்னொரு கூட்டம், "அப்போ அப்டேட்டே பண்ணாம விட்டுடலாம்" என்கிறது. அது இதைவிட ஆபத்து. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியில், மால்வேர் வழியாக வெளியிலிருந்து ஆவணங்கள் வைக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் தன் தடயவியல் அறிக்கையில் சொன்னது 2021இல். செயல்பாட்டாளரின் கணினி எதற்கெல்லாம் பயன்படும் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் வேண்டாம். இணையத்தோடு இருக்கும் கணினியைக் கண்டிப்பாக அப்டேட் செய்யுங்கள். பழைய கணினியை எறியாமல், வைஃபையைத் துண்டித்து, பழையதைப் பார்ப்பதற்கு மட்டும் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அன்று என்ன செய்தோம்? மாணவியை மவுஸிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். விஎல்சி என்ற இலவச பிளேயரை இறக்கினோம். பிரான்சில் ஒரு கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை அது, இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தானே கையோடு கொண்டுவருவதால் கணினியில் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு உடனே ஓடின. ஆயா திரையில் வந்து குந்தினார். மாணவி ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் டெலிட் பண்ணியிருப்பேன்ல அக்கா" என்றார். ஆமாம் என்றேன். மீதி மூன்று நிஜமாகவே பாதியில் அறுந்தவை, அதையும் நீக்கவில்லை.

அதன்பிறகு அவர் உற்சாகத்தில் அடுத்த தவறைச் செய்யப் பார்த்தார். எல்லாவற்றையும் எம்பி4க்கு மாற்றிவிட்டுப் பழையதை எடுத்துவிடலாம் என்றார். இங்கேதான் ஒவ்வொருவரும் கவனமாக இருக்க வேண்டும். மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக் இரண்டுமே இலவசம். படத்தை எச்.264 முறைக்கும் ஒலியை ஏஏசிக்கும் மாற்றினால் இன்றைய எந்தப் போனிலும் ஓடும். அளவை 176க்கு 144 என்று அப்படியே விடுங்கள், பெரிதாக்கினால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் அது பார்ப்பதற்கான படி. மூலம் மூலமாகவே இருக்க வேண்டும்.

காரணம் நீதிமன்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம், பிரிவு 63இன்படி மின்னணுச் சாட்சியத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதன் வாரிசு. புதிய சான்றிதழ்ப் படிவத்தில் ஃபைலின் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை. ஃபைலின் பெயரை மாற்றினால் அது மாறாது. உள்ளே ஒரு நொடியை வெட்டினாலும், எம்பி4க்கு மாற்றினாலும், வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி வாங்கினாலும் முற்றிலும் வேறாகிவிடும். உங்களிடம் மாற்றிய ஃபைல் மட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "இது எடிட் செய்தது, மூலம் எங்கே?" என்பார். பதில் இருக்காது. விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்ற கருவி ஹேஷ் எடுத்துத் தரும். எடுத்த நாள், எடுத்தவர், எந்த போன், ஹேஷ் என்ன என்று ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வையுங்கள். நோட்டு எந்த அப்டேட்டாலும் திறக்காமல் போகாது.

படம் மங்கலாக இருக்கிறதே என்று செயற்கை நுண்ணறிவு ஆப்பில் போட்டுத் தெளிவாக்கும் வேலையை மட்டும் சாட்சியத்தில் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஆப் முகத்தைத் தெளிவாக்குவதில்லை, இல்லாத முகத்தைக் கற்பனை செய்து ஒட்டுகிறது. அப்படி ஒட்டிய முகம் குற்றவாளியையும் காப்பாற்றும், குற்றமே செய்யாதவரையும் மாட்டிவிடும்.

வீடியோ எவ்வளவு பெரிய சாட்சியம் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். ஆற்றில் இறங்கியவர்களைக் காவல்துறை அடித்ததைக் கேமராக்கள் பிடித்திராவிட்டால், தானாகத் தண்ணீரில் மூழ்கினார்கள் என்ற கதை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். 2015இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் வழக்கில், திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவு முக்கியச் சாட்சியம். 2022இல் தண்டனை, 2023இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. நிகழ்வுக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் நடுவில் எட்டு வருடம். நம் வழக்குகளில் இதுவே விரைவு. எட்டு வருடத்தில் எத்தனை பதிப்பு மாறும், எத்தனை கோடெக் போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீதி தாமதமாகிற வழக்கில் சாட்சியமும் பழைய வடிவமாகிவிடுகிறது, அந்தத் தாமதமும் அநேகமாக நாம் உண்டாக்கியது இல்லை.

சிசிடிவி இன்னும் மோசம். பல டிவிஆர் பெட்டிகள் பதிவைத் தங்களுக்கே உரிய வடிவத்தில்தான் தருகின்றன, அந்தக் கம்பெனியின் பிளேயர் இல்லாமல் திறக்காது. சில பெட்டிகளை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் பார்க்க முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அதை 2022 ஜூனில் நிறுத்திவிட்டது. எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் காக்க வேண்டும், அதற்கு வழியில்லை என்றால் குறைந்தது ஓர் ஆண்டு என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே பதிவைக் கேட்டு மனுப் போடும்போது "பதிவின் நகல்" என்று மட்டும் எழுதாதீர்கள். மூல வடிவில் ஒன்று, அதைத் திறக்கும் பிளேயர் மென்பொருள், பொதுவான வடிவில் இன்னொன்று, ஹேஷ் மதிப்பு என்று எழுதிக் கேளுங்கள். தராமல் போகலாம். எழுதிக் கேட்டது பதிவில் இருக்கும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவின் பத்தாவது உட்பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் எல்லாம் வீடியோ பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவு செய்கிறார்களா என்று நாம் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். எந்த வடிவத்தில், எங்கே, எத்தனை ஆண்டு, வடிவம் காலாவதியானால் படி எடுப்பது யார் பொறுப்பு என்று நான் போன எந்தக் கண்காணிப்புக் குழுக் கூட்டத்திலும் ஒருவர்கூடக் கேட்டதில்லை. இவ்வளவு நாள் நானும் கேட்காமல்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த கூட்டத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன்.

மூத்த தோழருக்கு என் பதில் இதுதான். மனு எழுதத் தெரியாமல் இயக்கத்தில் இருக்க முடியாது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். பெறுநர், அனுப்புநர், பொருள், பார்வை என்று வரிவரியாகத் திருத்தினீர்கள். ஒரு வீடியோவைப் படி எடுத்துக் காக்கத் தெரிவதும் இன்று அதே வேலைதான். கம்ப்யூட்டர் படித்த பையனைக் கூப்பிட்டுச் செய்யலாம் என்றால், மனுவையும் அன்று தாலுகா ஆபீஸ் வாசலில் எழுதுபவரிடமே கொடுத்திருக்கலாமே. ஏன் கொடுக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

ஆயாவின் மகனுக்கு மாற்றிய படியை பென்டிரைவில் கொடுத்தோம். போனிலும் ஏற்றிக் கொடுத்தோம். எங்கள் முன்னால் பார்க்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி கூப்பிட்டார். மார்க் ஷீட்டு என்ற இடத்தில் அம்மா ஏன் நிறுத்தினார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அதைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர், தங்கள் அம்மா அப்பா பேசியதும் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாராம். இரண்டு பேருடையது இருக்கிறது. ஒருவருடையது பாதியில் அறுந்த அந்த மூன்றில் ஒன்று.

இந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை முழுக்க எங்கள் அலுவலகத்தில் உட்கார்கிறோம். உங்கள் வீட்டில், உங்கள் அமைப்பின் அலமாரியில் கிடக்கும் பழைய மெமரி கார்டு, சிடி, பட்டன் போன் எதுவாக இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஓடவில்லை என்று நீங்களே முடிவு செய்து போட்டுவிட்டு வராதீர்கள். கார்டு ரீடர் இரண்டு இருக்கிறது. பழைய போனுக்குச் சார்ஜர் மட்டும் கிடைப்பதில்லை, தடித்த பின்னா மெல்லிய பின்னா என்று பார்த்து அக்கம்பக்கத்தில் கேட்டுக் கையோடு கொண்டு வந்தால் உதவியாக இருக்கும்.